ஒப்பந்தத்தைக் கைமாற்றினால் பொறுப்பும் கைமாறுமா?

நீங்கள் கேட்டதை முதலில் திரும்பச் சொல்லிவிடுகிறேன். ஒரு நிறுவனத்தின் இயந்திரங்களைப் பராமரித்துத் தருவதாக அதனோடு மூன்றாண்டு ஒப்பந்தம் போட்டிருக்கிறீர்கள். பாதிக்காலம் ஓடிவிட்டது. இப்போது உங்கள் தொழிலை இன்னொருவருக்கு மொத்தமாக விற்கிறீர்கள். ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்றலாம் என்றோ கூடாது என்றோ அதில் ஒரு வரியும் இல்லை. செய்து முடித்த வேலைக்குக் கொஞ்சம் பாக்கி வர வேண்டியிருக்கிறது. வாடிக்கையாளரைக் கேட்காமலே எல்லாவற்றையும் வாங்குபவர் பெயருக்கு எழுதிக் கொடுத்தால் இந்தியச் சட்டப்படி செல்லுமா என்பது கேள்வி. கடைசியில், போகிறபோக்கில், "நாளைக்கு அவர் வேலையைச் சரியாகச் செய்யாவிட்டால் என்னைக் கேட்பார்களா?" என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அதுதான் என்று நினைக்கிறேன். தொழிலை விற்ற பிறகு நிம்மதியாக விலகிவிட முடியுமா என்பதே உங்கள் கவலை.

ஒப்பந்தங்கள் எழுதுவதும் அவை முறிந்தால் வழக்காடுவதும் என் தொழில். இந்தக் கேள்வி பல வடிவங்களில் என் மேசைக்கு வந்திருக்கிறது. சுருக்கமான பதில் இது. உங்களுக்கு வர வேண்டிய பணத்தை வாங்குபவருக்கு எழுதிக் கொடுக்கலாம்; அதற்கு வாடிக்கையாளர் சம்மதம் தேவையில்லை. நீங்கள் செய்ய வேண்டிய வேலையை அவரைக் கொண்டு செய்ய வைக்கலாம். பெரும்பாலும் அதற்கும் தடையில்லை. ஆனால் வேலை கெட்டுப்போனால் பதில் சொல்லும் பொறுப்பை வாடிக்கையாளர் சம்மதமின்றி உங்கள் தலையிலிருந்து இறக்கிவைக்க முடியாது. நீங்களும் வாங்குபவரும் உங்களுக்குள் எத்தனை பக்கம் எழுதிக்கொண்டாலும், அதில் கையெழுத்துப் போடாத வாடிக்கையாளரை அது கட்டுப்படுத்தாது.

எனவே 'ஒப்பந்தத்தை மாற்றுகிறேன்' என்று ஒரே மூச்சில் சொல்வதை முதலில் விட்டுவிடுங்கள். பெறுவது ஒரு பக்கம், கொடுப்பது இன்னொரு பக்கம். இரண்டுக்கும் சட்டம் வெவ்வேறு விதி வைத்திருக்கிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. உங்களுக்குத் தர வேண்டிய தொகையை வேறொருவருக்குத் தரச் சொன்னால் வாடிக்கையாளருக்குப் பெரிதாக ஒன்றும் நட்டமில்லை. அதே தொகைதான், காசோலையில் பெயர் மட்டும் வேறு. ஆனால் அவருக்குக் கடன்பட்டவர் யார் என்பது மாறினால் நிலைமை வேறு. உங்கள் திறமையையும் நாணயத்தையும் நம்பி ஒப்பந்தம் போட்டவர் தலையில், அவர் பார்த்தே இராத ஒருவரைக் கட்டிவிட முடியாது. உச்ச நீதிமன்றம் 1962-இல் கர்தா கம்பெனி எதிர் ரேமன் கம்பெனி வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. கச்சாச் சணல் வாங்கும் ஒப்பந்தத்தில் எழுந்த வழக்கு அது. ஒப்பந்தத்தின் கடமைகளை எதிர்த்தரப்பின் சம்மதமின்றி மாற்ற முடியாது. சம்மதத்தோடு மாற்றினால் அது புது ஒப்பந்தமே. உரிமைகளை மாற்றலாம், அவை அந்த ஆளுக்கு மட்டுமே உரியவையாக இல்லாமலும் சட்டமோ ஒப்பந்தமோ தடுக்காமலும் இருந்தால். இந்த நிலைப்பாட்டில் இன்றுவரை மாற்றமில்லை. இதைச் சந்தேகமில்லாத பகுதியாக எடுத்துக்கொள்ளலாம்.

இனி பாக்கிப் பணம். செய்து முடித்த வேலைக்கு வர வேண்டிய தொகை சட்டத்தின் பார்வையில் ஒரு கடன். பிணை எதுவும் இல்லாத இப்படிப்பட்ட கடனைச் சொத்து மாற்றுச் சட்டம், 1882 வழக்கிட்டுப் பெறத்தக்க உரிமை என்று ஒரு தனி வகையாக வைத்திருக்கிறது. அதை மாற்றும் முறை பிரிவு 130-இல் இருக்கிறது. எழுத்தில் இருக்க வேண்டும், மாற்றிக் கொடுப்பவரோ அவர் அதிகாரம் கொடுத்த முகவரோ கையெழுத்திட வேண்டும். அவ்வளவுதான். வாய்ச்சொல் செல்லாது. கையெழுத்து விழுந்த கணத்தில் உரிமை வாங்குபவருக்குப் போய்விடுகிறது. வாடிக்கையாளருக்கு நோட்டீஸ் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் மாற்றம் மாற்றமே. அதன்பின் வாங்குபவர் தன் பெயரிலேயே வழக்குப் போடலாம். உங்களை வழக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

அப்படியானால் நோட்டீஸ் எதற்கு என்று கேட்பீர்கள். வாங்குபவரின் பாதுகாப்புக்காக. நோட்டீஸ் கிடைக்காத வாடிக்கையாளர் வழக்கம்போல உங்களுக்கே பணம் கட்டிவிட்டால் அவர் கடன் தீர்ந்தது. வாங்கியவர் அவரை மறுபடி கேட்க முடியாது, உங்களைத்தான் துரத்த வேண்டும். அந்தப் பிரிவுக்குக் கீழேயே இந்த உதாரணம் இருக்கிறது. நோட்டீஸ் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பிரிவு 131 சொல்கிறது: எழுத்தில், மாற்றிக் கொடுத்தவர் கையெழுத்தோடு, வாங்கியவரின் பெயரும் முகவரியும் குறிப்பிட்டு. மாற்றிக் கொடுத்தவர் கையெழுத்திட மறுத்தால் வாங்கியவரே கையெழுத்திட்டு அனுப்பலாம். தொலைபேசியில் சொன்னேன், வாட்ஸப்பில் போட்டேன் என்பதையெல்லாம் நம்பி உட்காராதீர்கள். கையெழுத்திட்ட கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துவது மலிவான காப்பீடு.

வாங்குபவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது பிரிவு 132. பாக்கியை வாங்குபவர் அதை அதன் குறைகளோடேதான் வாங்குகிறார். இயந்திரம் நின்றுபோன நாட்களுக்கு அபராதம் பிடிக்க வாடிக்கையாளருக்கு உரிமை இருந்தால், அந்த அபராதத்தைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் புதியவருக்குக் கொடுப்பார். நீங்கள் முன்பணம் வாங்கியிருந்தால் அதையும் கழிப்பார். உங்களிடம் சொல்லக்கூடிய பதில் எல்லாம் அவரிடமும் சொல்லலாம். மாற்றம் நடந்த நாளுக்கு முன்பே இருந்த கழிவுகளில் சந்தேகம் இல்லை. அதற்குப் பிறகு எழும் கழிவுகளில்தான் தகராறு வரும். அதே ஒப்பந்தத்திலிருந்து நேராகக் கிளம்பும் கழிவு என்றால் வாடிக்கையாளர் பக்கமே வலுவாக இருக்கும் என்பது என் கணிப்பு. வேறொரு வணிகத்தில் நோட்டீஸுக்குப் பின் ஏற்பட்ட கணக்கை இதில் கொண்டுவந்து நுழைப்பது கடினம். இன்னொன்று: பணம் கேட்டு வழக்குப் போடும் மூன்றாண்டுக் காலவரம்பு, கைமாறியதால் புதிதாகத் தொடங்காது. பழைய பாக்கி என்றால் தேதியைப் பாருங்கள்.

'வாடிக்கையாளர் பணம் கட்டக்கூடியவர்தான்' என்று நீங்கள் வாங்குபவருக்கு உறுதி கொடுத்தால் அது எதுவரை கட்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரை, மாற்றிய நாளில் அவர் வசதியோடு இருந்தார் என்பதற்கு மட்டுமே அந்த உறுதி. விலைக்கு மாற்றியிருந்தால் அந்த விலை அளவுக்கு மட்டுமே. பிரிவு 133. இனி வரப்போகும் மாதங்களுக்கும் சேர்த்து உறுதி எழுதித் தரும்படி வாங்குபவரின் வக்கீல் கேட்பார். கையெழுத்திடுமுன் நிதானியுங்கள்.

இதுவரை சொன்னது செய்து முடித்த வேலைக்கான பணம். மீதி ஒன்றரை ஆண்டுக்கு வரப்போகும் கட்டணம் வேறு. அது வேலை செய்தால்தான் கிடைக்கும் பணம். அந்த உரிமையை எழுதிக் கொடுக்கலாம், ஆனால் அதன் மதிப்பு முழுக்க வேலை நடப்பதைப் பொறுத்தது. வேலை நிற்கும் நாளில் அந்த உரிமையும் வெறும் தாள்தான். ஆகவே கடமைப் பக்கத்தைத் தீர்க்காமல் இதைத் தனியே விலை பேசுவதில் அர்த்தமில்லை. 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த கபிலாபென் வழக்கு இந்த முடிச்சைத் தொடுகிறது. அது நிலம் வாங்கும் கிரய ஒப்பந்தம். வாங்க ஒப்புக்கொண்டவர்கள் மீதித் தொகையைக் கட்டாமலே தங்கள் இடத்தை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்தார்கள். விற்பவரின் சம்மதம் இல்லை. நிறைவேற்ற வேண்டிய கடமை பாக்கியிருக்கும்போது அதை உரிமை என்ற போர்வையில் மாற்றிவிட முடியாது என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. உங்களுடையது நிலம் இல்லைதான். ஆனால் உரிமையும் கடமையும் பின்னிக் கிடக்கும் ஒப்பந்தத்தில் உரிமையை மட்டும் உருவி எடுத்து விற்க முடியாது என்ற பாடம் உங்களுக்கும் பொருந்தும்.

இப்போது கடமைக்கு வருகிறேன். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் பிரிவு 40 இப்படிச் சொல்கிறது: ஒப்புக்கொண்டவரே நேரில் செய்ய வேண்டும் என்பது இரு தரப்பின் எண்ணமாக இருந்தால் அவரே செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் தகுதியுள்ள ஒருவரை வைத்துச் செய்யலாம். சட்டம் தரும் உதாரணங்கள் இரண்டு. பணம் கட்ட ஒப்புக்கொண்டவர் வேறொருவர் மூலம் கட்டலாம். ஓவியம் தீட்ட ஒப்புக்கொண்டவர் தானே தீட்ட வேண்டும். இயந்திரப் பராமரிப்பு இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ நிற்கிறது. அது எந்தப் பக்கம் சாயும் என்பதுதான் உங்கள் விஷயத்தில் உண்மையாகவே விவாதத்துக்குரிய பகுதி.

இரண்டு பழைய இங்கிலாந்து வழக்குகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். நம் நீதிமன்றங்களிலும் இவற்றின் வாதம் எடுபடும். 1831-இல் ஒன்று. குதிரை வண்டி செய்யும் ஒருவர் ஒரு வண்டியை ஐந்தாண்டுக்கு வாடகைக்கு விட்டு, வர்ணம் பூசிப் பழுதுபார்த்துத் தருவதாக ஒப்புக்கொண்டார். மூன்றாண்டில் தொழிலை இன்னொருவரிடம் விட்டு விலகினார். அவருடைய ரசனையையும் கணிப்பையும் நம்பித்தானே ஒப்புக்கொண்டேன், வேறொருவரிடம் எனக்கு வேலை இல்லை என்று வாடகைக்காரர் மறுத்தார். நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 1880-இல் மற்றொன்று. சரக்கு ரயில் பெட்டிகளை வாடகைக்கு விட்ட நிறுவனம் அவற்றைப் பழுதுபார்க்கவும் ஒப்புக்கொண்டிருந்தது. அது தன்னைக் கலைத்துக்கொள்ள முடிவெடுத்து, ஒப்பந்தங்களையும் பழுதுபார்க்கும் பட்டறைகளையும் ஆட்களையும் வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. இங்கும் வாடகைக்காரர் அதே மறுப்பைச் சொன்னார். இந்த முறை எடுபடவில்லை. பெட்டி ஓடும் நிலையில் இருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் தேவை, யார் திருகாணியை முடுக்குகிறார் என்பதல்ல. தொழில் தெரிந்த எவரும் செய்யக்கூடிய வேலை இது என்றது நீதிமன்றம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே பழைய நிறுவனம் இன்னும் முழுதாகக் கலைந்துவிடவில்லை. பொறுப்பும் அதன் மேலேயே இருந்தது. மாறியது வேலை செய்த கைகள் மட்டும்.

உங்கள் ஒப்பந்தத்தை நான் பார்க்கவில்லை. பார்த்தால் தேடுவேன் இவற்றை: உங்கள் பெயரையோ குறிப்பிட்ட பொறியாளர் பெயரையோ போட்டு, 'இவரே வர வேண்டும்' என்று எழுதியிருக்கிறதா? உற்பத்தியாளர் கொடுத்த அங்கீகாரச் சான்றிதழ் உங்களிடம் இருப்பதைக் காரணம் காட்டி ஒப்பந்தம் போட்டார்களா? அவர்களின் ரகசியத் தகவல்கள் உங்கள் கையில் இருக்கின்றனவா? டெண்டரில் உங்கள் அனுபவத்தை மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுத்தார்களா? இவற்றுக்கு ஆம் என்றால் தராசு 1831-இன் பக்கம் சாயும். மாதமொருமுறை எண்ணெய் மாற்றி, பட்டையைச் சரிபார்த்து, பட்டியலில் டிக் அடிப்பதுதான் வேலை என்றால் 1880-இன் பக்கம். தொழில் தெரிந்த புதியவர் அதே ஆட்களோடும் கருவிகளோடும் வந்தால், சாதாரணப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் வாடிக்கையாளர் வேலையை மறுக்க வலுவான காரணம் இருக்காது என்பது என் கருத்து. கருத்துதான். எதிர்த்தரப்பில் ஒரு நல்ல வக்கீல் நின்று மறுபக்கத்தையும் நியாயமாக வாதிட முடியும்.

உரிமையும் சிலசமயம் அப்படி ஆளோடு ஒட்டிக்கொண்டிருக்கும். 1903-இல், அன்று இங்கிலாந்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபையில் முடிந்த ஒரு வழக்கில், ஐம்பதாண்டுக்குச் சுண்ணாம்புக்கல் தர ஒருவர் ஒரு சிமென்ட் நிறுவனத்திடம் ஒப்புக்கொண்டிருந்தார். நிறுவனம் தன் தொழிலை ஒரு பெரிய நிறுவனத்துக்கு விற்றது. புதியவர்களும் கல் கேட்கலாம் என்று தீர்ப்பு. கல் அந்த ஆலைக்குரியது, அத்தனை நீண்ட காலம் ஒரே ஆளோடு நிற்கும் என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். 1906-இல் கேக் தயாரிப்பாளர் ஒருவருக்கு ஓராண்டுக்குத் தேவைப்படும் முட்டை முழுவதையும் தர ஒப்பந்தம். அவர் தொழிலை ஒரு பெரிய பேக்கரி நிறுவனத்துக்கு மாற்றியதும் முட்டை வியாபாரி நிறுத்திக்கொண்டார். அவர் செய்தது சரி என்றார்கள். 'தேவைப்படும் அளவு' என்பது அந்த ஒருவரின் தேவை. பெரிய நிறுவனத்தின் தேவையைச் சுமக்க வியாபாரி ஒப்புக்கொள்ளவில்லை. உங்கள் ஒப்பந்தத்திலும் 'எத்தனை முறை அழைத்தாலும் வர வேண்டும்' என்ற வகை ஷரத்து இருந்தால், எதிர்த்தரப்பு ஆள் மாறும்போது சுமை கூடிவிடும். நாளை அந்த வாடிக்கையாளரே தன் ஆலையை விற்றால் இந்தக் கேள்வி வாங்குபவரின் தலைமேல் வந்து நிற்கும்.

சரி, வாடிக்கையாளர் வேலையை மறுக்கவில்லை, வாங்குபவர் வந்து செய்கிறார், ஆறு மாதம் கழித்து ஒரு பெரிய இயந்திரம் அவர் கவனக்குறைவால் பழுதாகிறது. யார் மேல் வழக்கு? உங்கள் மேல்தான். பிரிவு 40 ஆள் வைத்துச் செய்ய அனுமதிக்கிறது. பொறுப்பை ஆள்மாற்றம் செய்ய அனுமதிக்கவில்லை. தொழிலை விற்றுவிட்டேன், எனக்கும் அதற்கும் தொடர்பில்லை என்ற பதில் நிற்காது. பிரிவு 41-ஐக் காட்டி, மூன்றாமவர் செய்த வேலையை ஏற்றுக்கொண்டவர் முதலில் ஒப்புக்கொண்டவரைக் கேட்க முடியாதே என்று சிலர் வாதிடுவார்கள். அந்தப் பிரிவு உண்மைதான். ஆனால் ஏற்றுக்கொள்ளப்பட்ட அந்த வேலைக்குத்தான் அது உதவும். ஜூன் மாதப் பராமரிப்பை அவர் செய்தார், வாடிக்கையாளர் ஏற்றார் என்றால் ஜூன் மாதப் பராமரிப்பை மறுபடி உங்களிடம் கேட்க முடியாது. டிசம்பரில் செய்யாமல் விட்டதற்கு அது கேடயமாகாது என்றே நான் படிக்கிறேன்.

முழுதாக விடுபட ஒரே வழி பிரிவு 62 சொல்லும் நோவேஷன். பழைய ஒப்பந்தத்தை முடித்து, அதன் இடத்தில் புதியவரோடு புது ஒப்பந்தம். சட்டம் தரும் முதல் உதாரணத்தில் கடன்பட்டவர், கடன் கொடுத்தவர், புதியவர் மூவரும் ஒத்துக்கொள்கிறார்கள். பழைய கடன் முடிகிறது, புதியவர் மேல் புதுக்கடன் பிறக்கிறது. அதே பிரிவின் மூன்றாவது உதாரணத்தை இன்னும் கவனமாகப் படியுங்கள். அங்கே இருவர் தங்களுக்குள் கணக்கை மாற்றிக்கொள்கிறார்கள். பணம் பெற வேண்டியவர் சம்மதிக்கவில்லை. எனவே எதுவும் மாறவில்லை. நீங்கள் செய்ய நினைத்தது சரியாக அந்த மூன்றாவது உதாரணம்.

சம்மதம் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று பிரிவு 62 கட்டாயப்படுத்தவில்லை. நடத்தையிலிருந்தும் அனுமானிக்கலாம். வாடிக்கையாளர் புதியவர் பெயரில் பணிஆணை கொடுக்கிறார், அவர் பில்லுக்கு அவர் கணக்கில் பணம் போடுகிறார், குறைகளை அவருக்கே எழுதுகிறார், ஓராண்டாக உங்களிடம் ஒரு கடிதம்கூட வரவில்லை என்றால் சம்மதித்துவிட்டார் என்று வாதிட இடமுண்டு. இதை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்கலாமா என்றால், கூடாது என்பேன். புதியவரை ஏற்றது ஒன்று, பழையவரை விட்டது இன்னொன்று. கூடுதலாக ஒரு ஆள் கிடைத்தால் வேண்டாம் என்பார்களா? இருவரையும் கையில் வைத்திருந்தேன் என்று அவர் சொன்னால், 'இல்லை, என்னை விடுவித்தாய்' என்று நிரூபிக்கும் சுமை உங்கள் மேல் விழும். 'விடுவிக்கிறோம்' என்ற ஒரு சொல் எழுத்தில் இருந்தால் இந்த வழக்கே இல்லை.

ஆகவே மூன்று பேர் கையெழுத்திடும் ஒரு சிறு ஒப்பந்தம் போடுங்கள். மூன்று நான்கு பக்கம் போதும். அதன் உயிர் ஒரு தேதியில் இருக்கிறது. அந்தத் தேதி வரை நடந்த வேலைக்கும் தவறுக்கும் நீங்கள். அதற்குப் பின் நடப்பதற்குப் புதியவர். பிந்தையவற்றிலிருந்து உங்களை வாடிக்கையாளர் விடுவிக்கிறார். தேதிக்கு முன் செய்த பழுதான வேலை தேதிக்குப் பின் வெளிப்பட்டால் யார் பார்ப்பது என்பதையும் எழுதுங்கள். நான் பார்த்த சண்டைகளில் பெரும்பங்கு இந்த இடைவெளியில்தான் முளைத்தது. அன்றைய தேதியில் இயந்திரங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று மூவரும் சேர்ந்து பார்த்து ஒரு பட்டியல் எழுதி இணைத்துவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே தீரும். பாக்கி யாருக்கு, முன்பணம் யார் கணக்கில், வைப்புத்தொகை யாருக்குத் திரும்பும் என்பதையும் ஒவ்வொரு வரியில் சொல்லிவிடுங்கள்.

பிணையை மறந்துவிடாதீர்கள். உங்களுக்காக யாராவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால், வாடிக்கையாளர் உங்களை விடுவித்ததும் ஜாமீன்தாரரும் விடுபடுகிறார், ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 134. இது வாடிக்கையாளருக்குத் தெரிந்திருந்தால் புதியவரிடம் புது ஜாமீன் கேட்பார், அது நியாயமே. வங்கி உத்தரவாதம் கொடுத்திருந்தால் அது உங்கள் வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான தனி உறுதி. ஒப்பந்தம் கைமாறியதால் தானாகச் செத்துவிடாது. புதியவர் தன் உத்தரவாதத்தைக் கொடுக்கும் அதே நாளில் உங்களுடையது அசல் தாளோடு திரும்பி வர வேண்டும் என்று எழுதுங்கள். முத்திரைத் தீர்வை மாநிலத்துக்கு மாநிலம் வேறு. வரி விஷயத்தை உங்கள் ஆடிட்டர் பார்க்கட்டும். தகராறை நீதிமன்றத்துக்குப் பதில் நடுவர் தீர்ப்பார் என்ற ஷரத்து ஒப்பந்தத்தில் இருந்தால், புதிய ஒப்பந்தத்திலும் அதை மறுபடி எழுதிவிடுங்கள். பழையது தானாகத் தொடருமா என்பதில் வழக்கு வளர்க்க வேண்டாம்.

உங்கள் ஆட்களும் வாங்குபவரோடு போகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவர்கள் இயந்திரங்கள் அல்ல. வேலை ஒப்பந்தத்தை ஊழியர் சம்மதமின்றி இன்னொரு முதலாளிக்கு மாற்ற முடியாது என்று 1940-இல் ஒரு சுரங்கத் தொழிலாளி வழக்கில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை சொன்ன வாதம் இன்றும் வலுவானது. இந்தியாவில் தொழில் கைமாறும்போது தொழிலாளர்களின் பணித்தொடர்ச்சிக்கும் இழப்பீட்டுக்கும் தனிச் சட்ட விதிகள் உண்டு. அதற்குத் தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒருவரைப் பாருங்கள்; இந்தப் பதிலை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

உங்கள் ஒப்பந்தத்தில் தடை ஷரத்து இல்லை. ஆனால் படிக்கும் மற்றவர்களுக்காகவும் ஒரு வார்த்தை. 'எழுத்துப்பூர்வ சம்மதமின்றி மாற்றக் கூடாது' என்று இருந்தால் உரிமை மாற்றமும் நின்றுவிடும். கர்தா தீர்ப்பும் அதை மதிக்கிறது. இங்கிலாந்தில் 1993-இல் லிண்டன் கார்டன்ஸ் வழக்கில் தடையை மீறிய மாற்றம் எதிர்த்தரப்பைக் கட்டுப்படுத்தாது என்றார்கள். ஆனால் சிறு வணிகர்கள் தங்கள் பில்களை வைத்துக் கடன் பெற இந்தத் தடை முட்டுக்கட்டையாக இருப்பதைப் பார்த்து, 2018 இறுதியிலிருந்து போடப்படும் பல வணிக ஒப்பந்தங்களில் அத்தகைய தடையைச் செல்லாததாக்கும் விதிகளை அங்கே கொண்டுவந்தார்கள். அமெரிக்காவின் வணிகச் சட்டத் தொகுப்பிலும் வர வேண்டிய பணத்தைப் பொறுத்தவரை இதே போக்கு. வெளிநாட்டுச் சட்டம் ஆளும் ஒப்பந்தம் உங்கள் கையில் இருந்தால் இந்த வேறுபாடு பெரிது. தடையை மீறிவிட்டால் மாற்றம் செல்லாததோடு போகாது. ஒப்பந்த மீறல் என்று சொல்லி அதை ரத்து செய்யவும் எதிர்த்தரப்புக்கு வழி திறக்கலாம்.

வாங்குபவர் பக்கமும் ஒரு ஆபத்து இருக்கிறது, அதை அவரிடம் சொல்வது நேர்மை. முறையான உரிமை மாற்றமோ மூவர் ஒப்பந்தமோ இல்லாமல், 'இனி இவர்தான் செய்வார்' என்று நீங்கள் இருவரும் மட்டும் எழுதிக்கொண்டால், அவர் வாடிக்கையாளரிடம் கட்டணம் கேட்டு வழக்குப் போட முடியாது. ஒப்பந்தத்தில் தரப்பாக இல்லாதவர் அதன்மேல் வழக்காட முடியாது என்பதை 1969-இல் சாக்கோ எதிர் திருவாங்கூர் ஸ்டேட் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. பிரதிபலன், அதாவது வாக்குறுதிக்கு ஈடாகத் தரப்படுவது, மூன்றாமவரிடமிருந்து வரலாம் என்று சென்னை உயர்நீதிமன்றம் 1882-இல் சின்னய்யா எதிர் ராமய்யா வழக்கில் சொன்னதைச் சிலர் இதற்குக் காட்டுவார்கள். அது வேறு. அங்கே வழக்குப் போட்டவர் வாக்குறுதியை நேரில் எழுதி வாங்கியவர். பிரதிபலன் மட்டும்தான் வேறொருவரிடமிருந்து வந்தது.

வாடிக்கையாளர் சம்மதிக்க மறுத்தால்? அவரைக் கட்டாயப்படுத்தச் சட்டத்தில் வழியில்லை. அப்போது ஒப்பந்தம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். வாங்குபவரைச் சப்-கான்ட்ராக்டராக வையுங்கள். வேலை ஆளோடு ஒட்டியது அல்ல என்ற நிபந்தனைக்கு உட்பட்டுத்தான் இதுவும். உங்கள் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு கடமையும் அப்படியே அவர் மேலும் விழும்படி எழுதுங்கள். அவர் தவறால் உங்களுக்கு வரும் இழப்பு முழுவதையும் அவர் ஈடுகட்டுவதாக உறுதி வாங்குங்கள். அந்த உறுதி அவர் பையில் பணம் இருக்கும் வரைதான் உறுதி. எனவே விலையில் ஒரு பகுதியை ஒப்பந்தக்காலம் முடியும்வரை மூன்றாமவரிடம் நிறுத்திவைப்பது, அல்லது அவர் வங்கியிடமிருந்து உங்கள் பெயருக்கு ஒரு உத்தரவாதம் வாங்குவது நல்லது. ஒன்றரை ஆண்டு நீங்கள் பொறுப்பிலேயே இருக்கிறீர்கள் என்பதை விலையிலும் சேர்த்துப் பேசுங்கள். இந்த ஏற்பாட்டில் உங்கள் நிறுவனத்தை உடனே கலைத்துவிட முடியாது என்பதையும் மனதில் வையுங்கள்.

நீங்கள் தனி உரிமையாளரா, பிரைவேட் லிமிடெட் நிறுவனமா என்று சொல்லவில்லை. நிறுவனம் என்றால், தொழிலை விற்பதற்குப் பதில் பங்குகளை விற்றால் ஒப்பந்தத்தில் தரப்பு மாறுவதே இல்லை. நிறுவனம் அதேதான், உரிமையாளர்கள்தான் வேறு. கட்டுப்பாடு மாறினால் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம் என்ற ஷரத்து இல்லாத வரை இது சுத்தமான வழி. வாங்குபவர் பழைய கடன்களையும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும் என்பதால் அவர் தயங்குவார். தனி உரிமையாளர் என்றால் இந்த வழி இல்லை.

தொழில் விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன்பே வாடிக்கையாளரிடம் போய்ப் பேசுங்கள். வாங்குபவரையும் அழைத்துச் செல்லுங்கள். வாடிக்கையாளரின் சம்மதக் கடிதம் வந்த பிறகே விற்பனை முழுமை பெறும் என்று பத்திரத்தில் ஒரு நிபந்தனை போடுங்கள். விற்பனை முடிந்து பணமும் கைமாறிய பிறகு போய்க் கேட்டால், உங்களை விடுவிக்க அவருக்கு ஒரு காரணமும் இருக்காது. ஒப்பந்த நகலில் பெயர், தொகை எல்லாவற்றையும் அடித்துவிட்டு, கால அளவு, வேலை விவரம், முறிவு, அபராதம் பற்றிய ஷரத்துகளை மட்டும் இங்கே போட்டால், ஆளோடு ஒட்டிய வேலையா இல்லையா என்ற அந்த ஒரு கேள்விக்கு இன்னும் உறுதியாகப் பதில் சொல்ல முயல்கிறேன்.